இரண்டே போதும், மூன்று வேண்டாம்

கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்க உதவிய வின்ஆம்ப் மென்பொருளின் 3-ஆம் பதிப்பு வெளிவந்தது 2002 ஆகஸ்டில். ஆசையாக இறக்கிப் போட்டுப் பார்த்த நிறையப் பேர் சீக்கிரமே அதைக் கடாசிவிட்டுப் பழைய 2-ஐயே திரும்பப் போட்டுக்கொண்டார்கள். டயல்-அப் காலம் அது. மோடம் கீச்சிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, சில எம்.பி. கோப்பு ஒன்றை இறக்க அரை மணி நேரம் தவம் கிடக்க வேண்டும். நடுவில் வீட்டில் யாராவது ரிசீவரைத் தூக்கிவிட்டால் அதுவும் போச்சு. அவ்வளவு பாடுபட்டு இறக்கியதை ஒதுக்குவதென்றால் காரணம் வலுவாக இருக்க வேண்டும்.

இருந்தது. புதியது கனத்தது. திறக்கச் சொன்னால் யோசித்தது. அன்றைய 64 எம்.பி. ராம் கம்ப்யூட்டர்கள் அதைச் சுமக்க மூச்சு வாங்கின. எல்லாவற்றுக்கும் மேலாக, 2-க்கென்று உலகமெங்கும் ஆர்வலர்கள் வருடக்கணக்கில் வரைந்து குவித்திருந்த, தோற்றத்தை மாற்றும் ஸ்கின்களும், எழுதிக் குவித்திருந்த, வசதிகளைக் கூட்டும் பிளக்-இன்களும் 3-இல் வேலை செய்யவில்லை. வீடு புதிதாகக் கட்டியிருக்கிறோம், வாருங்கள் என்று அழைத்தவர்கள், பழைய வீட்டுச் சாமான் எதையும் கொண்டுவரக் கூடாது என்று வாசலில் நிறுத்தியதுபோல் ஆயிற்று. பஸ்ஸுக்குப் பின்னால் சிவப்பு முக்கோணத்தோடு எழுதியிருப்பார்களே, அந்தக் குடும்பக் கட்டுப்பாட்டு இலாகாவின் புத்திமதியை வின்ஆம்ப் ரசிகர்கள் தாங்களாகவே கடைப்பிடித்தார்கள்.

மென்பொருளை எழுதியவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வின்ஆம்பை 1997-இல் உருவாக்கியவர்கள் ஜஸ்டின் ஃபிராங்கலும் டிமிட்ரி போல்டிரெவும். நல்சாஃப்ட் என்ற அவர்களது சின்னக் கம்பெனியை 1999-இல் ஏஓஎல் சுமார் 8 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. இருந்தும் 2003-இல் நல்சாஃப்ட்காரர்கள் பழைய 2-க்கே திரும்பி, மீடியா லைப்ரரி சேர்த்து 2.9 என்று ஒன்றை வெளியிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் 5 வந்தது. நான்கு எங்கே என்று கேட்டவர்களுக்குப் பதில், இரண்டும் மூன்றும் சேர்ந்தால் ஐந்து. அடிப்படை 2-இனுடையது, ஸ்கின் எஞ்சின் 3-இலிருந்து. பழைய சாமானோடு உள்ளே வரலாம் என்று ஆனதும் ஒதுங்கி நின்ற பலர் வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் வரவில்லை. ஒரு கூட்டம் 2.95-லேயே தங்கிவிட்டது. இன்னொரு கூட்டம், நல்சாஃப்டுக்கு வேலை செய்திருந்த பீட்டர் பாவ்லோவ்ஸ்கி 2002 கடைசியில் வெளியிட்ட ஃபூபார்2000 பக்கம் போனது. எந்த அலங்காரமும் இல்லாத அந்தச் சாம்பல் ஜன்னல் இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது.

அப்படி என்ன இருந்தது அந்த 2-இல்?

திரையில் அது பிடித்த இடம் 275-க்கு 116 பிக்சல். கால்குலேட்டரைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். மேலே பச்சை எழுத்தில் பாட்டின் பெயர் நகரும். கீழே பத்துப் பட்டைகளோடு ஈக்வலைசர், அதற்கும் கீழே பாட்டு வரிசை. மூன்றையும் ஒட்ட வைக்கலாம், பிரித்து மூலைக்கொன்றாக வைக்கலாம். கீபோர்டின் கடைசி வரிசையில் இசட், எக்ஸ், சி, வி, பி என்ற ஐந்து எழுத்துகளும் முந்தைய பாட்டு, ஓட்டு, நிறுத்திவை, நிறுத்து, அடுத்த பாட்டு என்று வரிசையாக வேலை செய்யும். மௌஸைத் தொட வேண்டியதே இல்லை. ஸ்கின் என்பது பெரிய மந்திரமல்ல. சில படக்கோப்புகளை ஒரு ஜிப்பில் கட்டி, நீட்டிப்பை மாற்றினால் ஸ்கின். பெயிண்ட் மென்பொருளில் கோடு போடத் தெரிந்த பள்ளிப் பையன் தன் அபிமான நடிகர் படத்தை வைத்து ஒன்று செய்துவிடலாம். செய்தார்கள்.

நம் பக்கத்துக் கணக்கு ஒன்றும் உண்டு. ஓடும் பெயரைக் காட்ட அந்த ஸ்கினுக்குள் எழுத்துகளுக்கென்று ஒரு சிறு படக்கோப்பு இருக்கும். ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் மட்டும் அதில் வரையப்பட்டிருக்கும். தமிழுக்கு அங்கே இடமில்லை. பாட்டுக் கோப்பின் வாலில் ஒட்டியிருந்த பழைய ஐடி3 குறிப்பும் அப்படித்தான். மொத்தமே 128 பைட். பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, பாடகருக்கு 30, ஆல்பத்துக்கு 30. ஆகவே தமிழ் சினிமாப் பாட்டுகள் எல்லாம் ஆங்கில எழுத்தில், வால் வெட்டுப்பட்டு, வின்ஆம்பில் ஓடின. சென்னையின் ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ வாங்கிய எம்பி3 சிடி ஒன்றில் நூற்றைம்பது பாட்டு இருக்கும். இளையராஜா பெயருக்கு அதில் நாலைந்து ஸ்பெல்லிங் இருக்கும். சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, பாடகர் கட்டத்தில் எவனோ போட்டிருந்த இணையதள விளம்பரத்தை அழித்துவிட்டு எஸ். ஜானகி என்று அடித்தவர்களை எனக்குத் தெரியும். நானும் அடித்திருக்கிறேன். அலுப்பான வேலைதான். ஆனால் அடித்து முடித்த கோப்பு அடித்தபடியே இருந்தது.

வின்ஆம்ப் 2-இன் உண்மையான பலம் ஜே என்ற ஒற்றைப் பொத்தான் என்பது என் கட்சி. அதை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். பாட்டின் பெயரில் எங்கேயாவது வரும் மூன்று நான்கு எழுத்துகளை அடித்தால் பட்டியல் சுருங்கிச் சுருங்கி அந்தப் பாட்டில் வந்து நிற்கும். எண்டரைத் தட்டினால் பாடும். இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் கல்யாண வீட்டில் மைக் செட் போடுகிறவரின் பக்கத்தில் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்து ஊரில் ஒருவர், இசைத்தட்டில் ஆரம்பித்து, கேசட்டுக்கு வந்து, அங்கிருந்து லேப்டாப்புக்கு வந்தவர். பொண்ணு அழைப்பு வாசலுக்கு வந்த கணத்தில் மாப்பிள்ளையின் மாமா ஓடிவந்து இந்தப் பாட்டுப் போடுங்க என்பார். இவர் திரையைப் பார்க்கக்கூட மாட்டார். தட், தட், தட், எண்டர். நெட் கனெக்‌ஷன் தேவையில்லை. மண்டபத்தில் சிக்னல் கிடைக்காது என்ற கவலையும் இல்லை.

“அண்ணே, இப்ப எல்லாம் போன்லயே எல்லாப் பாட்டும் வருதே, இதை மாத்தலாமே” என்று ஒருமுறை கேட்டேன்.

“மாத்துனா என்ன தம்பி கிடைக்கும்? நாதஸ்வரம் நடுவுல விளம்பரம் வரும். தாலி கட்டுறப்ப எவனாச்சும் கடன் வேணுமான்னு கேப்பான்.”

இதேபோலப் பழைய பதிப்பை விடாமல் பிடித்துக்கொண்ட ஐடியூன்ஸ்காரர்களின் கதைக்கு வருவோம். ஆப்பிள் தன் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸின் 7-ஆம் பதிப்பை 2006 செப்டம்பரில் வெளியிட்டபோது அதில் கவர் ஃப்ளோ என்ற காட்சிமுறை வந்தது. கறுப்புப் பின்னணியில் ஆல்பத்தின் உறை ஒன்று நேர்முகமாக நிற்கும். இரண்டு பக்கமும் மற்ற உறைகள் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று பாதி மறைந்து நிற்கும். கீழே பளிங்குத் தரையில் விழுவதுபோல் பிம்பம். மௌஸ் சக்கரத்தை உருட்டினால் சாய்ந்தது நிமிரும், நிமிர்ந்தது மறுபக்கம் சாயும். இது ஆப்பிளின் சொந்தச் சரக்கல்ல. ஆண்ட்ரூ கூல்ட்டர் என்ரைட் என்பவர் யோசித்து, ஜொனதன் டெல் ஸ்ட்ரோதர் நிரலாக எழுதி, தனி மென்பொருளாக உலவிக்கொண்டிருந்ததை ஆப்பிள் விலைக்கு வாங்கியது. 2007-இல் வந்த முதல் ஐபோனைப் பாட்டு ஓடும்போது படுக்கவாட்டில் திருப்பினால் இதே உறைகள் வரும். கடையில் காட்டி விற்பதற்கு அதைவிட நல்ல வித்தை கிடையாது.

2012 நவம்பர் 29 அன்று ஐடியூன்ஸ் 11 வந்தது. கவர் ஃப்ளோ இல்லை. அறிவிப்புகூடக் கிடையாது, மெனுவில் அந்த வரி இருந்த இடம் மூடியிருந்தது. கூடவே, விருந்துகளில் பாட்டை மாற்றி மாற்றிப் போட உதவிய ஐடியூன்ஸ் டிஜே போயிற்று. ஒரு பாட்டு வரிசையைத் தனி ஜன்னலாகத் திறக்கும் வசதியும் போயிற்று. ஒரே பாட்டு இரண்டு தடவை இருந்தால் காட்டும் கட்டளையும் காணாமல் போய், கூச்சல் எழுந்த பிறகு அடுத்த மாதமே 11.0.1-இல் அது மட்டும் திரும்பி வந்தது. கவர் ஃப்ளோ வரவேயில்லை. பிற்பாடு ஐபோனிலிருந்தும், 2018-இல் மோஹாவி இயங்குதளம் வந்தபோது மேக்கில் கோப்புகளைக் காட்டும் ஃபைண்டரிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள்.

நேர்மையாகச் சொன்னால், தேடுவதற்குக் கவர் ஃப்ளோ உதவாது. ஐந்நூறு ஆல்பத்தில் ஒன்றைப் பிடிக்க அதை உருட்டிக்கொண்டிருப்பவன் அன்று சாப்பிட மாட்டான். என்ன கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் இரவுக்கு உகந்தது அது. உருட்டிக்கொண்டே போகும்போது, பத்து வருடமாகக் கேட்காத ஏதோ ஒரு படத்தின் எல்பி உறை, நடுவில் மடிப்பு விழுந்த ஸ்கேனோடு, நேராக வந்து நிற்கும். பயன்பாட்டுப் புள்ளிவிவரத்தை வைத்து எதை வெட்டலாம் என்று முடிவு செய்கிறவருக்கு இது தெரிய வழியில்லை. அந்த வசதியைப் பயன்படுத்துகிறவர் நூற்றுக்கு இருவராகக்கூட இருக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கில் பாட்டுச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் உறை தேடி ஒட்டியவர்கள் அந்த இருவர்தான். யாருக்கு அந்த மென்பொருள் வீடாக இருந்ததோ அவர்களைத்தான் முதலில் கிளப்பினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

அந்த ரசிகர்கள் செய்தது மிக எளிய காரியம். 11-க்கு முந்தைய 10.7-ஐ விட்டு நகரவில்லை. அவசரப்பட்டு 11-க்குப் போய்விட்டவர்களுக்கு மட்டும் திரும்பி வருவது கொஞ்சம் சிக்கல். புதிய பதிப்பு தன் முதல் ஓட்டத்திலேயே பாட்டு நூலகக் கோப்பைத் தன் பாணிக்கு மாற்றி எழுதிவிடும். பழையது அதைத் திறக்க மறுக்கும். ஆனால் மாற்றுவதற்கு முன் இருந்த நகலைத் தேதியிட்டு ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கும். அதை எடுத்து, பெயரை மாற்றி, பழைய இடத்தில் வைத்தால் பழைய ஐடியூன்ஸ் எழுந்து உட்காரும். இடையில் புதிதாக உருவாக்கிய வரிசைகள் மட்டும் நஷ்டம். இந்தச் செய்முறையைத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், கைவைத்தியம் சொல்வதுபோல.

பின்தங்கி நிற்பதற்கு விலை உண்டு. 2013 செப்டம்பரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 வந்தபோது, அதைப் போட்ட போனைக் கம்ப்யூட்டரோடு இணைக்க ஐடியூன்ஸ் 11.1 வேண்டும் என்றார்கள். கவர் ஃப்ளோ வேண்டுமா, புதுப் போன் வேண்டுமா? சிலர் போனைத் தியாகம் செய்தார்கள். சிலர் பழைய ஐபாட் கிளாசிக்கை வைத்துச் சமாளித்தார்கள், 2014-இல் அதன் விற்பனையும் நிற்கும்வரை. வின்ஆம்ப் பக்கமும் இதே கணக்குதான்: பழைய பதிப்புகளில் பாதுகாப்பு ஓட்டைகள் இருந்தன. 2006 ஜனவரியில் 5.12-இல் ஒன்று வெளிப்பட்டது. விஷமமாகத் தயாரித்த ஒரு பாட்டு வரிசைக் கோப்பைத் திறந்தாலே கம்ப்யூட்டர் அந்நியர் கைக்குப் போய்விடலாம் என்ற நிலை. அவசரமாக 5.13 வந்தது. ஆகவே பழையதே மேல் என்று கண்ணை மூடிக்கொண்டு நிற்பது எப்போதும் புத்திசாலித்தனம் என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அந்த நஷ்டம் எவ்வளவு என்று நமக்குத் தெரிந்தது. கொடுப்பதா வேண்டாமா என்பது நம் கையில் இருந்தது. நம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த 2.95-ஐ அமெரிக்காவிலிருந்து ஒருவர் கைநீட்டி எடுத்துப்போக முடியாது.

இன்று முடியும். சோனோஸ் கதையைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் இருக்கும் கம்பெனி. வீட்டின் அறைதோறும் வைக்கிற விலை உயர்ந்த வயர்லெஸ் ஸ்பீக்கர்களைச் செய்கிறது. அவற்றை இயக்குவது போனில் உள்ள செயலி. 2024 மே மாதம் அந்தச் செயலியை அடியோடு மாற்றி எழுதி வெளியிட்டார்கள். அலாரத்தைக் காணோம். தூங்கும் நேரத்துக்குப் பாட்டை நிறுத்தும் டைமரைக் காணோம். வரிசையில் உள்ள பாட்டை முன்பின் நகர்த்த முடியவில்லை. சொந்தமாகச் சேர்த்து வைத்திருந்த பாட்டுகளைத் தேட முடியவில்லை. நிறையப் பேரின் போனில் பழையது இருந்த இடத்தில் புதியது தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். ஜூலையில் தலைமை நிர்வாகி பேட்ரிக் ஸ்பென்ஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: பழைய செயலியைத் திருப்பிக் கொடுங்கள். 2002-இல் இது ஒரு கோரிக்கையே அல்ல, அவரவர் வீட்டில் செய்துகொள்கிற வேலை. 2024-இல் அந்தக் கம்பெனியாலேயே அதைச் செய்ய முடியவில்லை. கொடுக்க நினைத்தோம், சோதித்தும் பார்த்தோம், ஆனால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் மென்பொருளும் எங்கள் சர்வர்களும் இதற்குள் மாறிவிட்டன, பழையதை மறுபடி விட்டால் கோளாறு கூடத்தான் செய்யும் என்று ஸ்பென்ஸ் ஆகஸ்டில் சொன்னார். சரிசெய்யும் வேலைக்கு 2 முதல் 3 கோடி டாலர் ஆகும் என்று கம்பெனி கணக்குச் சொன்னது. 2025 ஜனவரியில் அவர் பதவியை விட்டு இறங்கினார்.

போனில் ஓடும் பாட்டுச் செயலிகள் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். ஒரு காலத்தில் பதிப்பு எண் என்பது விலாசம். 2.81 என்றால் உலகத்தில் எங்கே போட்டாலும் அதே 2.81. இப்போது ஒரே எண் கொண்ட செயலி என் போனில் ஒரு முகத்தோடும், என் மனைவியின் போனில் வேறு முகத்தோடும் இருக்கிறது. யாருக்கு எந்தப் பொத்தான் தெரிய வேண்டும் என்பதைத் தொலைவில் உள்ள சர்வர் தீர்மானிக்கிறது. புதுப்பிக்காமல் அடம் பிடித்தாலும் பயனில்லை, ஒருநாள் திறக்கும்போது புதுப்பித்தால்தான் பாடுவேன் என்று சொல்லிவிடும். நான் நெடுநாள் பயன்படுத்திய செயலி ஒன்றில் இசையமைப்பாளர் வாரியாகப் பார்க்கும் வசதி இருந்தது. தமிழ்ப் பாட்டு கேட்பவனுக்கு அது இல்லாமல் எப்படி? ஒரு காலையில் அது இல்லை. மாற்றக் குறிப்பைத் தேடினேன். சிறு பிழைகளைத் திருத்தியிருக்கிறோம், செயல்திறனை மேம்படுத்தியிருக்கிறோம் என்றது. இப்போது இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் எல்லோரும் கலைஞர் என்ற ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். பிரித்து எழுத எனக்கு அனுமதி கிடையாது.

வசதி போனால் பரவாயில்லை, செயலியே போவதும் உண்டு. இந்தியாவில் ரெஸ்ஸோ என்ற பாட்டுச் செயலி 2024 ஜனவரி 31-உடன் முடிந்தது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கை மூடப் போவதாக அதே ஆண்டு ஆகஸ்டில் செய்தி வந்தது. டவுன்லோடு செய்திருக்கிறேனே என்று சொல்லிப் பிரயோசனமில்லை. அந்தப் பாட்டுகள் அந்தச் செயலிக்குள் மட்டுமே பாடும் பூட்டுப் போட்ட கோப்புகள்.

புதியதால் நமக்கு லாபமே இல்லை என்று சொன்னால் வாய் கோணிவிடும். பட்டணத்தில் பர்மா பஜார் பக்கம் போகிறவரிடம் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த பாட்டு இன்று கேட்ட உடனே வருகிறது. தமிழில் அடித்துத் தேடலாம், மைக்கில் தமிழில் சொல்லியும் தேடலாம். வின்ஆம்பின் அந்தப் பச்சைப் பட்டையில் எங்கள் எழுத்து ஓட இடமில்லாதிருந்ததை நினைத்தால் இது சின்ன விஷயமல்ல. என் அக்கா மகளிடம் ஸ்கின், பிளக்-இன் என்று விளக்கப் போனால், “மாமா, பாட்டுக் கேக்கவா, பாட்டுப் பெட்டியைக் கேக்கவா?” என்கிறாள். நியாயமான கேள்வி. எனக்கு இரண்டும் வேண்டும்.

வின்ஆம்ப் இன்னும் சாகவில்லை. 2013-இல் ஏஓஎல் மூடுவதாக அறிவித்து, கடைசியாக 5.666 என்ற பதிப்பை விட்டது. அடுத்த ஜனவரியில் பெல்ஜியத்துக் கம்பெனி ரேடியோநோமி வாங்கிக்கொண்டது. 2022-இல் 5.9 வந்தது. 2024 செப்டம்பரில் மூல நிரலைப் பொதுவில் வைத்தார்கள். மாற்றி எழுதி வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையைப் பார்த்து நிரலாளர்கள் சிரித்தார்கள். சில வாரத்தில் நிரலையே திரும்ப எடுத்துவிட்டார்கள். இதற்கிடையில் யாரையும் கேட்காமல், 2-இன் தோற்றத்தை அச்சு அசலாக பிரவுசருக்குள்ளேயே ஓடும்படி வெப்ஆம்ப் என்று ஆர்வலர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்டர்நெட் ஆர்கைவில் சேமித்திருக்கும் பல்லாயிரம் பழைய ஸ்கின்களை அதில் மாட்டிப் பார்க்கலாம். லினக்ஸில் ஆடேஷியஸ் அதே ஸ்கின்களை ஏற்கிறது. கவர் ஃப்ளோ பைத்தியங்களுக்கும் வழி உண்டு: ஆப்பிள் 2019-இல் கேட்டலினா இயங்குதளத்தோடு மேக்கிலிருந்து ஐடியூன்ஸையே எடுத்துவிட்ட பிறகு, ரெட்ரோஆக்டிவ் என்ற இலவச மென்பொருள் வந்தது. எந்த ஐடியூன்ஸ் வேண்டும் என்று அது கேட்கும். அது நீட்டும் பதிப்புகளில் 10.7-க்கும் இடம் உண்டு.

மைக் செட் அண்ணனின் லேப்டாப்புக்கு பேட்டரி போய்விட்டது. அந்த மாடலுக்குப் புதிதாகக் கிடைப்பதில்லை. வேறு லேப்டாப் வாங்கலாம், புதிய விண்டோஸில் வின்ஆம்ப் ஓடும் என்று சொன்னேன்.

“எது ஓடும்? ரெண்டா?”

“ரெண்டே ஓடும்ண்ணே.”

“அப்ப வாங்கிரு. வாங்கின உடனே நெட்டைப் புடுங்கிரு.”